டிரக்கைத் தூக்கும் முன் டேப்பை எடுங்கள்: அமெரிக்க மாநிலங்களில் லிஃப்ட் வண்டிகளுக்கான உயர வரம்பு

“நாலு இன்ச் லிஃப்ட் போட்டால் சட்டப்படி சரியா?” அமெரிக்காவில் புதிதாகப் பிக்கப் டிரக்கோ ஜீப்போ வாங்கியவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். லிஃப்ட் என்றால் ‘கிட்’ என்று விற்கும் உதிரிபாகத் தொகுப்பைப் பொருத்தி வண்டியை உயர்த்துவது. ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. கிட் பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் அந்த ‘நாலு’ என்ற எண்ணைப் பெரும்பாலான மாநிலங்கள் கணக்கில் எடுப்பதே இல்லை. தரையிலிருந்து வண்டியின் ஏதோ ஒரு பாகம் வரைக்கும் எத்தனை இன்ச் என்பதுதான் அவர்களுக்கு வேண்டும். அது எந்தப் பாகம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அதைத் தெரிந்துகொள்ளாமல் கிட் வாங்கினால், காசு கொடுத்து ஏற்றியதை மறுபடி காசு கொடுத்து இறக்க வேண்டிவரும்.

லிஃப்டுக்கு நாடு முழுவதற்குமான ஒரே வரம்பு கிடையாது. மத்திய அரசின் பாதுகாப்பு விதிகள் புது வண்டி எப்படி வெளியே வர வேண்டும் என்பதைச் சொல்பவை. ஹெட்லைட் தரையிலிருந்து 22 இன்ச்சுக்குக் கீழேயோ 54 இன்ச்சுக்கு மேலேயோ இருக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. பயணிகள் காரின் பம்பர், 16 முதல் 20 இன்ச் உயரத்தில் விழும் இடியைத் தாங்க வேண்டும் என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது விதி பிக்கப்புக்கும் எஸ்யூவிக்கும் பொருந்தாது.

மாநிலங்கள் உயரத்துக்கு வரம்பு வைத்ததன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. உங்கள் பம்பர் 30 இன்ச்சில் இருந்தால், முன்னால் நிற்கும் காரின் பம்பரைத் தொடாமலே தாண்டி, அதன் டிக்கியின் மேல் போய் ஏறும். பக்கவாட்டில் மோதினால் கதவின் மேல்பாதியில் இறங்கும். அந்தக் காரில் இடியை வாங்கிக்கொள்ள வைத்த பாகம் எதுவும் வேலைக்கு ஆகாது. 2003-இல் கார் நிறுவனங்களே சேர்ந்து, 2009 செப்டம்பருக்குள் தங்கள் பிக்கப், எஸ்யூவிகளின் இடிதாங்கும் பாகத்தைக் கார் பம்பரின் மட்டத்தோடு பொருந்தவைப்பதாக ஒப்புக்கொண்டன. லிஃப்ட் போடும்போது அந்த வேலையைத்தான் நாம் கலைக்கிறோம். போடக் கூடாது என்று சொல்ல வரவில்லை. எனக்கும் தூக்கிய வண்டி பிடிக்கும். எதற்காக அளக்கிறார்கள் என்று தெரிந்தால் எங்கே அளப்பார்கள் என்பதும் புரிந்துவிடும், அவ்வளவுதான்.

படி 1: உங்கள் மாநிலம் எதை அளக்கிறது?

இது தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் வெறும் கூட்டல் கழித்தல். சட்டங்கள் பெரும்பாலும் நாலு வகைக்குள் அடங்கும்: பம்பர் உயரம், ஃபிரேம் உயரம், விளக்கு உயரம், வண்டியை உயர்த்திய அளவு. சில மாநிலங்களில் இரண்டு மூன்று சேர்ந்தே வரும்.

கலிபோர்னியா ஃபிரேமை, அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தை, அளக்கிறது. அங்குள்ள வாகனச் சட்டத்தின் 24008.5-ஆம் பிரிவின்படி பயணிகள் காருக்கு 23 இன்ச்தான் உச்சம். மற்ற வண்டிகளுக்கு எடையைப் பொறுத்து: 4,500 பவுண்ட் வரை 27 இன்ச், 4,501 முதல் 7,500 வரை 30, 7,501 முதல் 10,000 வரை 31. சுமையில்லாத வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, முன் அச்சுக்கும் அடுத்த அச்சுக்கும் நடுவில், ஃபிரேமின் அடிப்பகுதி வரை அளக்க வேண்டும். ஃபிரேமைத்தானே பார்க்கிறார்கள், பாடியை மட்டும் மேலே தூக்கிவிடலாம் என்று நினைப்பவர்களுக்காக ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: ஃபிரேமின் மேல்விளிம்புக்கும் பாடித் தரையின் அடிப்பகுதிக்கும் இடையே 5 இன்ச்சுக்கு மேல் இடைவெளி கூடாது. சட்டம் எழுதியவர்களுக்கு நம்மைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது.

வர்ஜீனியாவும் ஃபுளோரிடாவும் பம்பர் கட்சி. வர்ஜீனியாவில் காராகப் பதிவான வண்டியின் உயரத்தை மாற்றினால் பம்பரின் கீழ்விளிம்பு 14 முதல் 22 இன்ச்சுக்குள் இருக்க வேண்டும். பிக்கப் என்றால் 4,500 பவுண்ட் வரை முன்னும் பின்னும் 28 இன்ச்; 7,500 வரை முன்பக்கம் 29, பின்பக்கம் 30; 15,000 வரை முன்பக்கம் 30, பின்பக்கம் 31. ஃபுளோரிடாவில் 3,000 முதல் 5,000 பவுண்ட் வரையுள்ள டிரக்குக்கு முன் பம்பர் 28, பின் பம்பர் 30. அங்கேயும் கீழ்விளிம்புதான் கணக்கு. ஆனால் எடை என்று அவர்கள் சொல்வது வேறு எடை, அதை அடுத்த படியில் பார்ப்போம்.

டெக்சஸில் ஃபிரேமுக்கோ பம்பருக்கோ இப்படி அட்டவணை கிடையாது. அதனால்தான் அங்கே சாலையில் வானளாவிய வண்டிகளைப் பார்க்கிறோம். என்றாலும் கட்டுப்பாடே இல்லை என்று அர்த்தமில்லை. ஹெட்லைட் 24 முதல் 54 இன்ச்சுக்குள்ளும் பின்விளக்கு 15 முதல் 72 இன்ச்சுக்குள்ளும் இருக்க வேண்டும். 2025 ஜனவரி முதல் தனியார் வண்டிகளுக்கு வருடாந்திரப் பாதுகாப்புச் சோதனையை டெக்சஸ் நிறுத்திவிட்டது. விளக்கு விதி அப்படியேதான் இருக்கிறது. சோதனை நிலையத்தில் யாரும் சொல்லாததைச் சாலையில் போலீஸ் சொல்லலாம்.

எனக்குப் பிடித்தது மாசசூசெட்ஸ் முறை. அங்கே ஒரு சூத்திரமே இருக்கிறது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலுள்ள நீளத்தை, அதாவது வீல்பேஸை, இடது வலது சக்கரங்களுக்கு இடையிலுள்ள அகலத்தால் பெருக்கி 2,200-ஆல் வகுக்க வேண்டும். எல்லாம் இன்ச்சில். வருவதுதான் சஸ்பென்ஷன் (சக்கரத்துக்கு மேல் வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பு), பாடி வழியாக ஏற்றக்கூடிய உச்சம். 145 இன்ச் நீளமும் 68 இன்ச் அகலமும் உள்ள பிக்கப்புக்குக் கிட்டத்தட்ட 4.5 இன்ச் வருகிறது. 97 இன்ச் நீளம், 62 இன்ச் அகலம் உள்ள குட்டை வண்டிக்கு 2.7 தான். நீளமும் அகலமுமான வண்டி எளிதில் கவிழாது, அதனால் அதற்குக் கொஞ்சம் அதிகம் கொடுக்கலாம் என்ற யோசனை அந்தச் சூத்திரத்துக்குள் இருக்கிறது.

உங்கள் மாநிலம் இந்தப் பட்டியலில் இல்லையென்றால், மாநில வாகனச் சட்டத்தில் ‘பம்பர்’, ‘ஃபிரேம்’, ‘சஸ்பென்ஷன்’, ‘ஹெட்லேம்ப்’ என்ற நாலு சொற்களையும் தனித்தனியாகத் தேடிப் பாருங்கள். ஒன்றைத் தேடிக் கிடைக்கவில்லை என்றதும் நிறுத்திவிடாதீர்கள். சில மாநிலங்களில் உயரம் சட்டப் புத்தகத்தில் இருக்காது. சோதனை நிலையங்களுக்கான நிர்வாக விதிகளில் இருக்கும். கிட் விற்பவர்களின் பக்கங்களில் வரும் ‘ஐம்பது மாநில அட்டவணை’யை ஆரம்பப் புள்ளியாக வைத்துக்கொள்ளலாம், முடிவாக வைத்துக்கொள்ள வேண்டாம். அவற்றில் பல எப்போதோ எழுதியவை.

அடிக்கடி எல்லை தாண்டிப் போகிறவர்கள், போகும் வழியில் எந்த மாநிலம் கறாரோ அதன் எண்ணையே தங்கள் எண்ணாக வைத்துக்கொள்வது நல்லது.

படி 2: எடையைக் கண்டுபிடியுங்கள்

ஓட்டுநர் கதவைத் திறந்தால், கதவின் ஓரத்திலோ தூணிலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஜி.வி.டபிள்யூ.ஆர். என்று ஒரு எண். ஆட்கள், சரக்கு எல்லாம் ஏற்றிய பிறகு வண்டி மொத்தமாக எவ்வளவு எடை இருக்கலாம் என்று தயாரிப்பாளர் வைத்த உச்சம் அது. கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் அட்டவணையின் எந்த வரி உங்களுடையது என்பதை இந்த எண்தான் சொல்லும். ‘அரை டன்’ என்ற வகைப் பெயரில் வரும் பிக்கப்புகள் பெரும்பாலும் 7,500-க்குள் வந்துவிடும். முக்கால் டன், ஒரு டன் வண்டிகளில் 10,000-ஐ ஒட்டியும் தாண்டியும் இருக்கும், அதனால் ஸ்டிக்கரைப் பார்க்காமல் மாடல் பெயரை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

ஃபுளோரிடா பார்ப்பது இதை அல்ல, வண்டியின் வெறும் எடையை. ஒரே டிரக்குக்கு இந்த இரண்டு எண்ணுக்கும் ஆயிரக்கணக்கான பவுண்ட் வித்தியாசம் வரும். ஒரு மாநிலத்தின் எடையை இன்னொரு மாநிலத்தின் அட்டவணையில் போட்டுப் பார்த்து நிம்மதியாக இருப்பவர்கள் நிறையப் பேர்.

படி 3: இப்போதிருக்கும் உயரத்தை அளந்து எழுதுங்கள்

கிட் ஆர்டர் செய்வதற்கு முன்னால். பின்னால் இல்லை.

கான்கிரீட் தரையில், சரிவில்லாத இடத்தில் நிறுத்துங்கள். வீட்டு வாசலிலுள்ள டிரைவ்வே மழைத்தண்ணீர் ஓடுவதற்காகச் சரிவாகத்தான் போட்டிருப்பார்கள், அங்கே அளந்தால் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு இன்ச் பிசகும். டயர் காற்றழுத்தம் கதவு ஸ்டிக்கரில் சொன்ன அளவில் இருக்கட்டும். பின்னால் உள்ள கருவிப்பெட்டி, மணல் மூட்டை எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். அப்புறம் இவற்றை எழுதுங்கள்:

முன் பம்பரின் கீழ்விளிம்பு, பின் பம்பரின் கீழ்விளிம்பு. இரண்டு அச்சுகளுக்கும் நடுவே ஃபிரேமின் அடிப்பகுதி. ஹெட்லைட்டின் நடுப்புள்ளி, பின்விளக்கின் நடுப்புள்ளி. நாலு சக்கரங்களுக்கும் மேலே மட்கார்ட் வளைவின் விளிம்பு. கடைசியாக, கூரையின் மிக உயர்ந்த இடம், ஆன்டெனாவும் ரேக்கும் சேர்த்து.

ஃபிரேம் என்றால் வண்டியின் நீளவாக்கில் ஓடும் இரண்டு கனமான எஃகுத் தண்டுகள். கதவுக்குக் கீழே தெரியும் பிளாஸ்டிக் விளிம்பு அல்ல, காலடிப் பலகையும் அல்ல. குனிந்து உள்ளே பார்த்தால்தான் தெரியும். தனி ஃபிரேம் இல்லாத எஸ்யூவிகளில், பாடியோடு ஒட்டி நீளமாக ஓடும் முக்கியத் தாங்கு பாகத்தின் அடிப்பகுதியை எடுத்துக்கொள்ள வேண்டும்.

அளக்கும்போது டேப் தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். பின்னால் கடைக்காரரிடம் பேசும்போதும், யாராவது கேள்வி கேட்கும்போதும் இது உதவும்.

படி 4: கூட்டிப் பாருங்கள்

வண்டி உயர்வதற்கு மூன்று வழிகள். மூன்றும் வேறு வேறு பாகங்களைத் தூக்குகின்றன.

சஸ்பென்ஷன் லிஃப்ட் ஸ்பிரிங்கையோ அதன் இருப்பிடத்தையோ மாற்றி, ஃபிரேமையும் அதன்மேல் உள்ள எல்லாவற்றையும் தூக்கும். பம்பர், ஃபிரேம், விளக்கு எல்லாம் ஒரே அளவில் ஏறும்.

பாடி லிஃப்ட் என்பது ஃபிரேமுக்கும் பாடிக்கும் நடுவே கட்டை வைப்பது. ஃபிரேம் இருந்த இடத்திலேயே இருக்கும். பம்பர் ஃபிரேமில் பூட்டியிருந்தால் அதுவும் அங்கேயே இருக்கும். ஆனால் ஹெட்லைட் பாடியோடு சேர்ந்து ஏறிவிடும். அதனால் ஃபிரேம் மாநிலத்தில் தப்பிக்கும் ஒரு வண்டி விளக்கு மாநிலத்தில் மாட்டலாம்.

மூன்றாவது, பெரிய டயர். இதில்தான் கணக்குத் தவறுகிறது. டயரின் விட்டம் எவ்வளவு கூடுகிறதோ அதில் பாதிதான் வண்டி உயரும், ஏனென்றால் மறுபாதி அச்சுக்கு மேலே போய்விடுகிறது. 265/70 ஆர்17 என்ற டயரின் விட்டம் கிட்டத்தட்ட 31.6 இன்ச். அதை எடுத்துவிட்டு 35 இன்ச் டயர் போட்டால் விட்டத்தில் 3.4 கூடுகிறது, வண்டி 1.7 உயர்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். உங்கள் டிரக்கில் முன் பம்பர் 21 இன்ச்சிலும், ஃபிரேம் 19-இலும், ஹெட்லைட் 40-இலும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு இன்ச் சஸ்பென்ஷன் லிஃப்டும் 35 இன்ச் டயரும் சேர்த்தால் 5.7 இன்ச் ஏறும். பம்பர் 26.7, ஃபிரேம் 24.7, ஹெட்லைட் 45.7. எடை 7,000 பவுண்ட் என்றால் கலிபோர்னியாவின் 30 இன்ச் ஃபிரேம் வரம்புக்குள் தாராளமாக வருகிறது, வர்ஜீனியாவின் 29 இன்ச் பம்பர் வரம்புக்குள்ளும் வருகிறது. இதே வண்டிக்கு ஆறு இன்ச் கிட்டும் 37 இன்ச் டயரும் போட்டால் ஏற்றம் 8.7. பம்பர் 29.7 ஆகிவிடும். கலிபோர்னியாவில் ஃபிரேம் 27.7, சரி. வர்ஜீனியாவில் முன் பம்பர் 0.7 இன்ச் அதிகம், அதாவது தப்பு. ஒரே வண்டி, ஒரே கிட், இரண்டு மாநிலத்தில் இரண்டு பதில்.

வரம்புக்கு ஒரு இன்ச்சாவது கீழே நில்லுங்கள். புது ஸ்பிரிங் முதல் சில மாதங்களில் கொஞ்சம் அமர்ந்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் கிட்டில் எழுதியிருப்பதைவிட அரை இன்ச் அதிகமாக ஏறுவதும் உண்டு. எது நடக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது.

படி 5: ஹெட்லைட்டை மறக்காதீர்கள்

சட்டத்தில் 54 இன்ச் என்பது எட்டாத உயரமாகத் தெரியும். பெரிய டிரக்குகளைத் தவிர அதைத் தொடுவது கஷ்டம். பிரச்சினை உயரத்தில் இல்லை, சாய்வில் இருக்கிறது.

பிக்கப்புகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போது பின்பக்கம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், சரக்கு ஏற்றினால் சமமாவதற்காக. முன்பக்கத்தை மட்டும் இரண்டு இன்ச் தூக்கி நேராக்கும் ‘லெவலிங் கிட்’ மிகப் பிரபலம், மலிவும்கூட. இதெல்லாம் ஒரு லிஃப்டா என்று நினைப்போம். வீல்பேஸ் 140 இன்ச் உள்ள வண்டியில் முன்பக்கம் 2 இன்ச் ஏறினால், ஒளிக்கற்றை 25 அடி தூரத்தில் சாய்வால் மட்டும் 4 இன்ச்சுக்கு மேல் உயர்கிறது. 100 அடியில் 17 இன்ச். அதோடு விளக்கே இரண்டு இன்ச் ஏறியிருக்கிறது. காரில் வருகிறவரின் கண்ணில் நேராக அடிக்க இவ்வளவு போதும். எதிரே வருபவர்கள் எல்லாரும் உங்களைப் பார்த்து லைட்டை மின்னிக்கொண்டே போனால் வண்டி அழகாக இருக்கிறது என்பதற்காக அல்ல.

சரிசெய்வது எளிது. சுவரிலிருந்து 25 அடி தள்ளிச் சமதரையில் வண்டியை நிறுத்துங்கள். ஹெட்லைட்டின் நடுப்புள்ளி உயரத்தை அளந்து சுவரில் அதே உயரத்தில் டேப் ஒட்டுங்கள். லோ பீம் போட்டால் ஒளியின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்குச் சுமார் 2 இன்ச் கீழே விழ வேண்டும். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஹெட்லைட்டின் பின்னால் உள்ள திருகைத் திருப்பினால் ஏறும், இறங்கும். பத்து நிமிட வேலை, ஆனால் கடைகளில் கேட்காமல் செய்து தர மாட்டார்கள்.

படி 6: முன்பக்கம் தூக்கி, பின்பக்கம் தாழ்த்தும் ஆசை இருந்தால்

விட்டுவிடுங்கள். ‘கரோலினா ஸ்குவாட்’ என்று பெயர் வாங்கிய இந்தப் பாணியில் ஓட்டுநர் பானட்டுக்கு மேல் வானத்தைத்தான் பார்ப்பார், நடந்துபோகிறவரை அல்ல. வட கரோலினாவில் 2021 டிசம்பர் 1 முதல், முன் மட்கார்டின் உயரம் பின் மட்கார்டைவிட 4 இன்ச் அல்லது அதற்கு மேல் கூடுதலாக இருக்கும்படி வண்டியை மாற்றுவது குற்றம். அதன்பின் வர்ஜீனியா 2022-இலும் தென் கரோலினா 2023-இலும் தடை போட்டன. படி 3-இல் மட்கார்ட் விளிம்பையும் அளக்கச் சொன்னது இதற்காகத்தான். பின்னால் கனமான டிரெய்லர் பூட்டினால் சாதாரண லிஃப்ட் வண்டியும் பின்பக்கம் தாழும்; அதையும் ஒரு தடவை அளந்து பாருங்கள்.

படி 7: உயரத்தோடு ஒட்டிவரும் சில்லறை விதிகள்

மட்கார்டை விட்டு டயர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பல மாநிலங்களில் உயரம் சரியாக இருந்தாலும் நிறுத்துவார்கள். சாலையிலுள்ள கல்லையும் தண்ணீரையும் பின்னால் வருபவர் கண்ணாடியில் அடிப்பதுதான் காரணம். அகலமான மட்கார்டோ மட்ஃபிளாப்போ போட்டால் தீர்ந்தது. வண்டியின் மொத்த அகலம் 80 இன்ச்சைத் தொட்டால் கூரையிலும் ஓரங்களிலும் அடையாள விளக்குகள் வேண்டும் என்பது மத்திய விதி. ஃபோர்டு ராப்டர் என்ற பிக்கப்பின் முன்பக்கம் ஆரஞ்சு விளக்குகள் மின்னுவது ஸ்டைலுக்காக மட்டுமல்ல, அது அவ்வளவு அகலம்.

கூரையில் எல்இடி பார் போடுபவர்களுக்கு: கலிபோர்னியாவில் காட்டுப்பாதைக்கான கூடுதல் விளக்குகள் எட்டு வரை வைத்துக்கொள்ளலாம், கூரைக்கு மேல் 12 இன்ச்சைத் தாண்டக் கூடாது, பொதுச்சாலையில் ஓடும்போது மூடி போட்டிருக்க வேண்டும். அணைத்து வைத்திருக்கிறேன் என்பது அங்கே பதில் ஆகாது.

படி 8: கடையில் கேட்க வேண்டியவை

மத்தியச் சட்டம் வண்டி உரிமையாளரைவிடக் கடைக்காரரைத்தான் இறுக்கிப் பிடிக்கிறது. வண்டியில் பாதுகாப்பு விதிகளுக்காகப் பொருத்திய எதையும் டீலரோ பழுதுபார்க்கும் கடையோ தெரிந்தே செயலிழக்கச் செய்யக் கூடாது. அதில் முக்கியமானது, வண்டி வழுக்கும்போது தானாகப் பிரேக் போட்டுக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி அமைப்பு. 2012 மாடல் முதல் இலகு ரக வண்டிகள் எல்லாவற்றிலும் இது கட்டாயம். வண்டியின் உயரமும் டயரின் விட்டமும் மாறினால் அந்தக் கணினியின் கணக்கும் மாறுகிறது. ஆகவே, “இந்த கிட்டைப் போட்ட வண்டியில் ஈஎஸ்சி சோதனை செய்திருக்கிறார்களா, காகிதம் இருக்கிறதா?” என்று கேளுங்கள். நல்ல தயாரிப்பாளர்களிடம் இருக்கும். “அதெல்லாம் ஒன்றும் ஆகாது சார்” என்ற பதில் வந்தால் வேறு கடை பாருங்கள்.

அடுத்து: முன்பக்க ரேடாரும் கேமராவும் மறுபடி அளவமைக்கப்படுமா? பிரேக் ஹோஸ் நீளம் போதுமா? வேலை முடிந்தபின் வீல் அலைன்மென்ட் சேர்த்தியா, தனிக்காசா? ஸ்பீடோமீட்டரைச் சரிசெய்து தருவார்களா? முன்பு சொன்ன 35 இன்ச் டயர் கணக்கில், மீட்டர் 60 மைல் காட்டும்போது வண்டி 66-இல் ஓடிக்கொண்டிருக்கும். உயரத்துக்காக அல்ல, வேகத்துக்காக அபராதம் கட்டுவீர்கள்.

கவிழும் அபாயத்தையும் ஒரு எண்ணாகவே பார்க்கலாம். சக்கர அகலத்தை, வண்டியின் எடைமைய உயரத்தின் இரு மடங்கால் வகுத்தால் வருவதை நிலைத்தன்மை அளவாக மத்தியப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் பயன்படுத்துகிறது. கார்களுக்குப் பொதுவாக 1.3 முதல் 1.5. பிக்கப், எஸ்யூவிக்கு 1.0 முதல் 1.3. அகலம் 68, எடைமையம் 28 இன்ச் என்றால் 1.21. அதே எடைமையம் 32-க்கு ஏறினால் 1.06. வளைவில் நீங்கள் வழக்கமாகத் திரும்பும் வேகத்தில் இனித் திரும்ப முடியாது என்று இதற்கு அர்த்தம்.

காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். சொல்லாமல் விட்டால், விபத்துக்குப் பிறகு பேச்சு உங்கள் லிஃப்டில்தான் தொடங்கும்.

படி 9: வீட்டுக் கதவு

சாலையில் ஒரு வாகனத்தின் மொத்த உயர வரம்பு பெரும்பாலான மாநிலங்களில் 13 அடி 6 இன்ச், மேற்கே பல இடங்களில் 14 அடி. எந்த லிஃப்டும் அதைத் தொடாது. உங்களைத் தடுக்கப்போவது கராஜ். வீட்டு கராஜ் கதவு வழக்கமாக 7 அடி, அதாவது 84 இன்ச். நாலுசக்கர இயக்கமுள்ள முழு அளவு பிக்கப் புதிதாக வரும்போதே 77, 78 இன்ச் இருக்கும். ஆறு இன்ச் ஏற்றினால் கூரை கதவுச்சட்டத்தை உரசும். எனக்குத் தெரிந்தவர் ஒருவர் வரம்பெல்லாம் சரிபார்த்து, ஹெட்லைட்டெல்லாம் சீர்செய்து, பெருமையாக வீட்டுக்கு ஓட்டிவந்து கராஜுக்கு முன்னால் பிரேக் போட்டார். இன்றுவரை அந்த டிரக் மழையில்தான் நிற்கிறது. பலமாடிப் பார்க்கிங்குகளிலும் வாசலில் தொங்கும் உயரக்கம்பியைப் பார்க்காமல் நுழையாதீர்கள்.

காட்டுப்பாதைக்கு மட்டுமான வண்டி என்றால்

பைக் போல ஏறி அமர்ந்து ஓட்டும் நாலுசக்கர ஏடிவி, பக்கத்தில் ஒருவர் அமரும் யுடிவி போன்றவற்றுக்குக் கணக்கு வேறு. பொதுச்சாலையில் ஓட்டாதவரை பம்பர் அட்டவணை அவற்றைப் பெரிதாகத் தொடாது. அங்கே உயரத்தைவிட அகலம்தான் தடை: வனத்துறை நிலங்களில் 50 இன்ச் அகலத்துக்குள் உள்ள வண்டிக்கு மட்டும் என்று பாதைகள் இருக்கின்றன, அகல டயர் போட்ட யுடிவி அதில் நுழைய முடியாது. சத்தமும் பார்ப்பார்கள். கலிபோர்னியாவில் 1986 ஜனவரி முதல் தயாரித்தவற்றுக்கு 96 டெசிபல் உச்சம். அரிசோனா, யூட்டா போன்ற மாநிலங்களில் விளக்கு, கண்ணாடி, ஹாரன் எல்லாம் பொருத்தி யுடிவியைச் சாலைக்குப் பதிவு செய்யலாம். ஆனால் அந்த நம்பர் பிளேட் பக்கத்து மாநிலத்திலும் செல்லும் என்று நினைத்து எல்லை தாண்ட வேண்டாம்.

ஏற்கனவே தூக்கிய வண்டியை வாங்குகிறீர்களா?

டேப்பை எடுத்துக்கொண்டு போய் நேரிலேயே அளந்து பாருங்கள். விற்பவரின் மாநிலத்தில் சரியாக இருந்தது உங்கள் மாநிலத்தில் சரியாக இருக்க வேண்டியதில்லை. கழற்றிய பழைய ஸ்பிரிங், டயர் இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அவருக்கு அது வெறும் இரும்பு.

அப்படியும் ஒரு நாள் போலீஸ் நிறுத்தினால், கலிபோர்னியாவில் இதுபோன்ற உபகரணக் குறைகளுக்குப் பொதுவாகத் திருத்திக் காட்டும் சீட்டுதான் தருவார்கள். குறையைச் சரிசெய்து, அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி, 25 டாலர் கட்டணத்தோடு நீதிமன்றத்தில் கொடுத்தால் முடிந்தது. எரியாத பல்பு என்றால் அன்றைக்கே மாற்றிவிடலாம். ஃபிரேம் இரண்டு இன்ச் கூடுதல் என்றால், கராஜ் மூலையில் கிடக்கும் அந்தப் பழைய ஸ்பிரிங்கையும் டயரையும் தேடிப் போக வேண்டியதுதான்.